யோனதாபும் யோனத்தானும்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் யார் என்பது நம் கையில் இல்லை. மனக்குறையை யாரிடம் சொல்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிற கிறிஸ்தவர்கள் இதை ஜெபத்தோடு யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அந்த வாரம் இரண்டு பேர் என்னிடம் வந்து பேசினார்கள். ஒருவர் ஆராதனை தவறாதவர், ஜெபக்கூட்டத்தில் உருக்கமாகப் பாடுகிறவர். "ஏன் இப்படி வாடிப்போயிருக்கிறீர்கள்?" என்று அன்பாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மேலாளரைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரு புகார் அனுப்பலாம், விஷயமெல்லாம் தானே தருகிறேன் என்றார். இன்னொருவர் வேற்று மதத்தவர், அதிகம் பேசாதவர். "நேரில் போய்க் காரணம் கேளுங்கள். கூட்டங்களில் நீங்கள் வாயே திறப்பதில்லை, உங்கள் வேலை மேலே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சுருக்கென்று இருந்தது.

எனக்குத் தாவீது ராஜாவின் மகன் அம்னோன் நினைவுக்கு வந்தான். 2 சாமுவேல் 13-ம் அதிகாரத்தில், அவன் நாளுக்கு நாள் மெலிந்துபோவதைக் கவனித்து அக்கறையாக விசாரிக்கிறவன் அவன் சிநேகிதன் யோனதாப். அவன் கொடுத்த யோசனைப்படி அம்னோன் தன் தகப்பன் வழிச் சகோதரி தாமாரைக் கெடுத்தான், அவள் வாழ்க்கை சிதைந்தது. இரண்டு வருஷம் கழித்து அதற்குப் பழியாக அம்னோன் கொலையானான், ராஜாவின் மகன்கள் எல்லோருமே செத்தார்கள் என்று செய்தி பரவியது. யோனதாபோ தாவீதுக்கு முன்னால் நின்று, செத்தது அம்னோன் ஒருவன்தான் என்று நிதானமாக விளக்கம் சொல்கிறான்! விசாரிக்கிறவர்கள் எல்லோரும் நண்பர்கள் இல்லை. அவர்கள் பேச்சு நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

யோனத்தான் இதற்கு நேர் எதிர். சவுல் ராஜாவின் மகன் அவன், சிங்காசனம் அவனுக்கு வர வேண்டியது. அது தாவீதுக்குப் போகிறது என்று தெரிந்தும், சவுலுக்குப் பயந்து தாவீது ஒளிந்திருந்த காட்டுக்கே தேடிப்போய், தேவனுக்குள் தாவீதின் கையைத் திடப்படுத்தினான் (1 சாமுவேல் 23:16). பதவி கை நழுவிய ஒருவன், அது கிடைக்கப்போகிறவனைத் தேற்றுகிறான். அந்த வாரம் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதற்காக ஆட்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவர்களான ஆயக்காரரோடு இயேசு பந்தியில் இருந்தார். ஆனால் பன்னிரண்டு சீஷரைத் தேர்ந்தெடுக்கும் முன் இராமுழுவதும் ஜெபம்பண்ணினார் (லூக்கா 6:12). அன்பு எல்லோருக்கும் உரியது. நம்மை வழிநடத்தும் உரிமையை அப்படி எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. ஒரே சபையார் என்பது மட்டும் அதற்குப் போதாது என்பது என் கருத்து.

மேலாளரை நேரில் பார்த்தேன். அவரும் ஏறக்குறைய அதே காரணத்தைத்தான் சொன்னார். புகார் எழுதவில்லை. முதலாமவரின் தாயார் நோயுற்றபோது போய்ப் பார்த்து ஜெபித்தேன். ஆனால் என் மனக்குறைகளை அவரிடம் கொண்டுபோவதில்லை. இரண்டாமவரிடம் இன்றும் யோசனை கேட்கிறேன். போன மாதம் ஒரு விஷயத்தில் அவர் போக்கு சரியில்லை என்று தோன்றியபோது, நானும் அவரிடம் நேராகச் சொன்னேன்.