முதலில் தெரிவது பாஸ்டருக்குத்தான்

சிகாகோவில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறேன். மெக்சிகோ, குவாத்தமாலா, எக்குவடோர் என்று ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களே எங்களிடம் அதிகம். அந்தப் பெண்களில் பலர் எங்களிடமோ போலீஸிடமோ வருவதற்கு வெகு முன்பே சபைத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். அதனால் பாஸ்டர்களுக்கும் பாதிரியார்களுக்கும் பயிற்சி கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

'பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு என்றுதான் சொல்வார்கள்' என்று எங்கள் துறையில் அவர்களை ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் அதிகம் பார்த்தது வேறு ரகம். சிறிய பெந்தெகொஸ்தே சபைகளின் பாஸ்டர்கள் பலர் வாரநாட்களில் கூரை வேலைக்கோ பெயிண்டிங்குக்கோ போகிறவர்கள். பழைய கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துவார்கள். அடிக்கிற கணவன் அங்கே ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவன். இருவரையும் நன்றாகத் தெரியும் என்பதால், நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசித் தீர்க்கப் பார்க்கிறார் பாஸ்டர். அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் அங்கே அவள் வாய்திறந்து சொன்னதற்கெல்லாம் வீட்டுக்குப் போனதும் அடி விழும். நான் முதலில் பேசுவதே இதைத்தான்: அவளிடம் தனியாகப் பேசுங்கள், அவள் சொன்னதை அவனிடம் விசாரிக்காதீர்கள்.

எபேசியர் 5:22-ஐ, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை, யாராவது கட்டாயம் எடுப்பார். நான் வாதாடுவதில்லை. 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிற முந்தைய வசனத்தைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாஸ்டர் வாசிப்பார். அவர் சொன்னால்தான் எடுபடும்.

கத்தோலிக்கர்களுக்கு எழுத்திலேயே இருக்கிறது. வன்முறை நடக்கும் மணவாழ்வில் யாரும் தங்கியிருக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க ஆயர்கள் 1992-லேயே சொல்லிவிட்டார்கள், 2002-ல் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். பங்கு மக்களில் எத்தனை பேர் காதுக்கு அது போயிருக்கும்? மெக்சிகர்கள் நிறைந்த பில்சன் பகுதியில், புனித ஐந்தாம் பயஸ் ஆலயத்தில் இருந்த அருட்தந்தை சார்லஸ் டாம் இதைப் பூசை மறையுரையிலேயே பேசினார். பின்னாளில் சிகாகோ உயர்மறைமாவட்டத்தின் குடும்ப வன்முறைப் பணிக்கும் அவரே பொறுப்பேற்றார். பீடத்திலிருந்து ஒருமுறை பேசுவது, நாங்கள் அடித்துக் கொடுக்கிற ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரத்தைவிட அதிகம் வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

போலீஸ் என்றதும் அறையே இறுகிப் போகும். அவனை நாடு கடத்திவிட்டால் வாடகை யார் கொடுப்பது? அவளுக்கே குடியேற்றக் காகிதம் இல்லையே? 'ஒரு போன் போட்டால் உன்னை அனுப்பிவிடுவார்கள்' என்பது கணவன்மார் கையில் இருக்கிற ஆயுதம். இங்கேதான் பாஸ்டர்கள் பேனாவை எடுக்கிறார்கள். கணவன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவன் என்றால், அவனுக்குத் தெரியாமலே அவள் இங்கே தங்கும் உரிமைக்குத் தானே விண்ணப்பிக்க 1994-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மற்றவர்களுக்கு குற்றத்துக்கு ஆளானவர்களுக்கென்று 2000-ல் வந்த யூ விசா இருக்கிறது. குற்ற விசாரணைக்கு உதவ வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேர் என்ற வரம்பு இருப்பதால் காத்திருப்பு பல வருடம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

உண்மையில் பாதி வேலை நடப்பது பாஸ்டரின் மனைவியிடம். ஆராதனை முடிந்து, சபை நிதிக்காகத் தமாலே என்ற மக்காச்சோள மாவுப் பண்டத்தைப் பொட்டலம் கட்டும்போதுதான் பெண்கள் பேசுவார்கள். நான் நீட்டிய உதவி எண் அட்டையை ஒரு பாஸ்டரின் மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டார். "பையைச் சோதிப்பான், எர்மானா (சகோதரி). என் போனிலிருந்தே பேசட்டும்." அப்புறம் எங்களுக்கு அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், பேசப்போவது அவரா வேறொருவரா என்று தெரியாது.

பயிற்சியின் கடைசியில் பாஸ்டர்கள் கேட்பது, 'சரி, அவனை என்ன செய்வது?' மேடையிலிருந்து இறக்குங்கள் என்பேன். ஒருவர் அப்படியே செய்தார். கிதார் வாசித்துக்கொண்டிருந்தவன் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சபையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டு இவர் எனக்குப் போன் செய்தார். முதலில் அவளைக் கேளுங்கள் என்றேன்.