தேர்வு முடிவுக்கு முன்பே சிரிக்கலாம்

எங்கள் வீடுகளில் மாணவப் பருவத்து மகிழ்ச்சிக்கு எப்போதும் ஒரு தவணை சொல்வார்கள். "பரீட்சை முடியட்டும், அப்புறம் சிரிக்கலாம், விளையாடலாம், ஊருக்குப் போகலாம்" என்று தாய்மார்கள் சொல்வதை ரங்கூனில் தமிழர் வாழும் எந்தத் தெருவிலும் கேட்கலாம். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தங்களுக்கு வாய்க்காமல் போன படிப்பு பிள்ளைக்காவது வாய்க்க வேண்டும் என்ற தவிப்பில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தத் தவணை முறையை நான் முழுமனத்தோடு மறுக்கிறேன். மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுக்குப் பின்னால் ஒத்திவைத்த தோழர்கள் எவ்வளவு விரைவில் ஒடிந்துபோனார்கள் என்பதையும், அதை அன்றன்றைய பொழுதுக்குள்ளேயே தேடிக்கொண்டவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதையும் பள்ளி இறுதி வகுப்பிலிருந்து அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் இறுதித் தேர்வின் கனத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் படித்த முறையில் பத்தாம் வகுப்பே பள்ளியின் கடைசி வகுப்பு. புதிய பாடத்திட்டத்தில் அது பன்னிரண்டாம் வகுப்பாகிவிட்டது. ஆறு பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண்கள். ஒரே ஒரு பாடத்தில் 40-க்குக் கீழே போனாலும் அந்த ஆண்டு தேர்ச்சி இல்லை. 2020-க்கு முந்தைய ஆண்டுகளில் எழுதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள். தேறியவர்களுக்கும் எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பெரும்பாலும் மொத்த மதிப்பெண்தான் முடிவு செய்யும். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர் சில மதிப்பெண் குறைந்ததால் விலங்கியல் படிப்பதும், கணிதத்தில் மனம் வைத்தவர் மதிப்பெண் கூடிவிட்ட ஒரே காரணத்தால் வீட்டார் சொல்லி மருத்துவம் படிப்பதும் இங்கே வழக்கமான செய்திகள். மார்ச்சில் எழுதும் தேர்வுக்கு ஜூன் மாதத்து மழையில் முடிவு வரும். விடியற்காலையில் பள்ளிப் பலகையில் பட்டியல் ஒட்டப்படும். குடைகளுக்கு நடுவே நுழைந்து எண்ணைத் தேட வேண்டும். டிஸ்டிங்ஷன் வாங்கியவர் வீட்டில் இனிப்பும் மற்ற வீடுகளில் மௌனமுமாக அந்த நாள் கழியும்.

மூவரில் இருவர் வெறுங்கையோடு திரும்பிய ஒரு பலகையில் பிள்ளைகளின் மகிழ்ச்சி முழுவதையும் கொண்டுபோய் ஒட்டிவைப்பது எப்படி நியாயமாகும்? தேறியவர்களுக்காவது அந்த மகிழ்ச்சி நிலைக்கிறதா என்றால் அதுவும் ஐயம்தான். அமெரிக்காவில் பிலிப் பிரிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இரண்டும் நேராத அயலாரையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லாட்டரி வென்றவர்கள் அந்த அயலாரைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் அயலாருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். அதை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு பாடங்களிலும் டிஸ்டிங்ஷன் வாங்கி மருத்துவக் கல்லூரிக்குப் போன என் உறவுக்காரப் பெண், மூன்றாம் மாதமே அடுத்த தேர்வை நினைத்து உறக்கம் கெட்டிருந்ததைக் கண்ட எனக்கு அந்த முடிவு வியப்பளிக்கவில்லை. காத்திருந்து பெற்ற மகிழ்ச்சியை அனுபவிக்க அவள் பழகியிருக்கவே இல்லை. அவள் பழகியிருந்ததெல்லாம் காத்திருக்க மட்டுமே.

காத்திருத்தல் என்பது பர்மாவின் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்து சேரும் பாடம். 1988-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு மறுபடி மூடப்பட்டவை 2000-ஆம் ஆண்டு நடுவில்தான் முழுமையாகத் திறந்தன. என் அத்தை அந்த இரண்டாவது அடைப்பில் சிக்கியவர். வேதியியல் வகுப்பில் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தின் வாசனை பழகும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் மூன்றரை ஆண்டுகள். அவர் அழவில்லை என்றோ கோபப்படவில்லை என்றோ நான் சொல்லமாட்டேன். முதல் மழைக்காலம் முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்ததாக அப்பத்தா சொல்லியிருக்கிறார். பிறகு காளியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு தையல் கடையில் காஜா எடுக்கவும் ஹெம்மிங் செய்யவும் சேர்ந்தார். துணி வெட்டும் பலகையில் அளவுக்கோடு போட வைத்திருக்கும் சுண்ணக்கட்டியை எடுத்து, வேலை ஓய்ந்த நேரத்தில் அந்தப் பலகையிலேயே வேதிச் சமன்பாடுகளை எழுதிச் சமன் செய்வாராம். கடை முதலாளியம்மா முதலில் திட்டினார். பின்னர் தன் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து "இவனுக்கும் சொல்லிக் கொடு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில், அதே வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு தோழிகள் வந்து சேர, அந்தப் பலகையே வகுப்பறையானது.

அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "காலேஜ் எப்ப திறக்கும் எப்ப திறக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள்கூட நகராதும்மா. இன்னைக்கு என்ன தெரிஞ்சுக்கிட்டோம்னு கேட்டுப் பாரு, பொழுது தன்னால போயிரும்" என்றார். கல்லூரி திறந்தபோது உடன் படித்தவர்களில் பலர் திரும்பவில்லை. சிலருக்குத் திருமணமாகியிருந்தது, சிலர் மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தை திரும்பினார், பட்டம் பெற்றார். இன்று ஒரு மொத்தவிலைக் கடையில் கணக்கு எழுதுகிறார். வேதியியலுக்கும் அந்த வேலைக்கும் தொடர்பில்லை என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சமன்பாடு எழுதிய மாலைகளை அவர் எதற்கும் முதலீடாகக் கருதவில்லை. அவை அப்போதே அவருக்கு நிறைவாக இருந்தன. மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்வது இந்த அளவுக்குத்தான். நமக்கு நேர்வதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பல சமயம் நம்மிடம் இல்லை. இன்று மாலை மனத்தை எதன்மேல் வைப்பது, யாரோடு உட்காருவது என்பது மட்டும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

எங்கள் முறை 2020-இல் வந்தது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். செப்டம்பரில் ரங்கூன் முழுவதற்கும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்ற உத்தரவு வந்தது. பள்ளிகள் அதற்கு முன்பே மூடியிருந்தன. 2021-இல் இறுதித் தேர்வு நடைபெறவே இல்லை. 2022-இல்தான் மறுபடி நடந்தது. அப்போது எழுதியவர்களும் உண்டு, எழுதுவதில்லை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. இரு சாராருமே எளிதாக அந்த முடிவுக்கு வரவில்லை என்பதை அறிந்தவள் என்ற முறையில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மாதங்களில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு கயிறு. ரங்கூன் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் கிளிப் மாட்டியிருப்பார்கள். செய்தித்தாள், சாவி, கறிவேப்பிலைக் கட்டு எல்லாம் அதில்தான் மேலே ஏறும். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் நால்வர். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு பர்மியப் பிள்ளைகள். கீழ்த்தளத்தில் இருந்த தோழி, மாலையில் ஒரு தாளில் ஐந்து கேள்விகள் எழுதி ஒவ்வொரு கயிற்றிலும் மாட்டிக் கீழேயிருந்து இரண்டு முறை இழுப்பாள். புத்தகத்தைத் திறக்காமல் விடை எழுதி மறுநாள் காலையில் இறக்க வேண்டும் என்பது விதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; எங்கே இடறியது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுவோம். இயற்பியல் தாளின் ஓரங்களில் தோழி எழுதிய பர்மிய மொழிக் குறிப்புகளையும், அவற்றுக்கு அடியில் நான் எனக்காக எழுதிக்கொண்ட தமிழ்க் குறிப்புகளையும் இன்றும் வைத்திருக்கிறேன். கயிறு ஆடும் நேரத்துக்காக நாங்கள் பகல் முழுவதும் ஆவலோடு இருந்தோம். தேர்வு நடக்குமா என்றே தெரியாத காலத்தில் படிப்பு எங்களுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

எங்கள் பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்குப் புத்தகத்தைத் திறக்காமல் விடை எழுதிப் பார்ப்பது புதிய பழக்கம். சயாமா (ஆசிரியை) வாசிப்பதைக் கூட்டாகத் திரும்பச் சொல்லி, வழிகாட்டி நூலின் விடையை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து, டியூஷனில் அதையே மறுபடி ஒப்பிப்பதுதான் படிப்பு என்று பழகியிருந்தோம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பவர்களையும், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்களையும் ஒப்பிட்டு ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில்தான் படித்தேன். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது. தடுமாறித் தேடி எடுக்கும் அந்தச் சிரமமே கற்றலின் பாதி என்பது என் அனுபவமும் ஆகும். மாணவராக வளர்வது என்று சொல்லும்போது நான் நினைப்பதும் அந்தச் சிரமத்தைத்தான். விடை தெரியாமல் இருப்பது அவமானமாகப் படாத இடத்தில், நான்கு பேர் நடுவில், தயங்காமல் இடறக் கிடைத்த வாய்ப்பு எங்களை வளர்த்தது.

அடுத்த ஆண்டுகளில் மின்சாரம் முறைவைத்து வரத் தொடங்கியபின் எங்கள் வகுப்பு மாடிப்படிக்கு இடம் மாறியது. நடுத்தளத்தில் சார்ஜ் விளக்கு ஒன்று, கொசுவர்த்தி ஒன்று, படிக்கு ஒருவர். மின்சாரம் வந்ததும் தெருவே "மீ லா பியீ!" என்று கூவும், விளக்கை அணைத்துவிட்டு, வாளிகளில் தண்ணீர் பிடிக்க எல்லோரும் ஓடுவோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சியைத் தேர்ந்தெடு என்ற வாக்கியத்தை இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு உரிமை இல்லாத நேரங்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டபின் எங்களோடு படித்த இளைஞர்கள் சிலர் சொல்லாமலே ஊரைவிட்டுப் போனார்கள். 2025 மார்ச் 28-இல் மண்டலையையும் சகாயினையும் உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்தில், என்னோடு தொலைநிலைக் கல்வியில் படிக்கும் ஒரு பெண்ணின் வீடு இடிந்தது. அவளிடம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அவளுடைய பாடக்குறிப்புகள் இடிபாட்டில் போயிருந்தன. ஆளுக்கு ஒரு பாடமாகப் பிரித்துக்கொண்டு கையால் எழுதி, பேருந்தில் கொடுத்தனுப்பினோம். துயரத்தில் இருப்பவருக்கு அழ இடம் கொடுப்பதும், அவருடைய வேலையில் ஒரு பகுதியை நாம் தூக்கிக்கொள்வதும்தான் அப்போது செய்யத்தக்கவை. உண்ணாமல் உறங்காமல் வாரக்கணக்கில் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் அது மனவுறுதிக் குறைவு அன்று. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய நிலை. எங்கள் சமூகத்தில் இதைச் சொல்ல இன்னும் கூச்சப்படுகிறோம். கூச்சப்படக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பகலில் வேலை, இரவில் தொலைநிலைப் படிப்பு என்று போகும் என் நாட்களில், கோடை விடுமுறையில் கோயிலில் சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் நேரமே எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர் என்று இரண்டையும் இயல்பாகச் சுமந்து திரியும் அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் சிலர் இந்த ஆண்டு இறுதித் தேர்வு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். முடிவு பார்க்கப் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். பக்கத்து வீட்டு மதிப்பெண்ணை அன்று விசாரிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைப்பதாக இருந்தால் பலகையைப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யாமல் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். தேறாவிட்டால், அடுத்த ஆண்டு எழுதுவது பற்றிய பேச்சை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். இரண்டு தந்தையர் தயங்கினார்கள், மற்றவர்கள் சம்மதித்தார்கள். அன்று பிற்பகல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும், தேறியவர் தேறாதவர் என்ற பிரிவில்லாமல், வட்ட ரயிலில் நகரைச் சுற்றி அழைத்துப் போகிறோம். எலுமிச்சைச் சாதம் கட்டித் தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். தயங்கிய தந்தையரில் ஒருவர் துணைக்கு வருகிறார்.