ஜன்னல் வைத்த ரூமுக்கு 52,000 ரூபாய்

போன ஆவணியில் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றாலே கால் தானாகப் பாண்டி பஸ் ஏறிவிடும், நாங்களும் அப்படித்தான் போனோம். 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறதே, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நாளுக்கு 6,000 ரூபாய் ரூமை நான்தான் கேட்டு வாங்கினேன். (ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் டேங்க்.)

டிஸ்சார்ஜ் அன்று பில் 1,50,000. "சார், நீங்க 52,000 கட்டணும்" என்றார் பில்லிங் கவுன்டரில் இருந்த பெண். ரூம் வாடகைக்கு நாளுக்குப் பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 வரைதான் தருவார்கள் என்று எனக்கும் தெரியும், மிஞ்சிப் போனால் நாலு நாளைக்கு 12,000 கைவிட்டுப் போகும் என்றுதான் மனக்கணக்கு. அவர் பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ரூம் 24,000, அதில் பாதி வெட்டு. அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு வாடகை ரூமில் இருந்ததால் சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், நர்சிங் என்று வந்த 80,000-லும் அதே பாதி வெட்டு. மருந்து, டெஸ்ட் 46,000-ஐ மட்டும் தொடவில்லை. ரூம் பெரிதானால் டாக்டர் ஃபீஸும் சேர்ந்து ஏறுவதால்தான் இப்படி ஒரு விதியாம். சரி, இதைப் பாலிசி விற்கும்போது எவனாவது சொன்னானா?

அதற்கப்புறம்தான் பாலிசியை முழுசாகப் படித்தேன். எங்களுடையது ஃபேமிலி ஃப்ளோட்டர், அந்த 3 லட்சம் நாலு பேருக்கும் பொது. அப்பாவே பாதியைத் தின்றுவிட்டால் மிச்சம்தான் மற்றவர்களுக்கு. பிரீமியமும் வீட்டில் மூத்தவர் வயதை வைத்துத்தான். வயதான பெற்றோருக்குத் தனிப் பாலிசி, நமக்கும் பிள்ளைகளுக்கும் ஃப்ளோட்டர், இதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் மச்சான் கம்பெனி குரூப் பாலிசியை நம்பி இருக்கிறான், வேலையை விட்டால் அதுவும் பொதுவாகக் கூடவே போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு, நாங்கள் அதில் வரமாட்டோம்.

ஏஜென்ட் அண்ணன் 3 லட்சத்துக்கு மேல் டாப்-அப், அதாவது அதைத் தாண்டும் செலவுக்கான கூடுதல் பாலிசி, போடச் சொன்னார். டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்கிறார். ஒன்றே இல்லை. ஒரே வருடத்தில் இரண்டு தடவை அட்மிட் ஆகி, தலா 2 லட்சம் செலவு என்று வையுங்கள். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும், இரண்டுமே 3 லட்சத்தைத் தாண்டவில்லை, பைசா தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 3 லட்சத்துக்கு மேல் போன 1 லட்சத்தைத் தரும்.

இப்போது ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசிக்கு அப்பாவை மாற்றப் பார்க்கிறேன். அப்பாவுக்குச் சுகர் உண்டு, புதிதாக எடுத்தால் அது சம்பந்தப்பட்ட செலவைத் தர 3 வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். பழையதையே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் (இதற்குப் பெயர் போர்ட்) பழைய பாலிசியில் கழிந்த வருடங்கள் கணக்கில் வரும், ஆனால் ரின்யூவலுக்கு 45 நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்க வேண்டும். தை பிறந்ததும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ரூம் எடுப்பதை இனி அம்மாவிடம் விட்டுவிடச் சொல்லி அப்பாவின் உத்தரவு.