மொய் நோட்டும் ஒரு பகா எண்ணும்

தங்கச்சி கல்யாணத்தில் மொய் எழுத என்னை உட்கார வைத்ததுதான் எங்கள் வீட்டில் செய்த முதல் தப்பு. கணக்கில் எம்எஸ்சி முடித்தவன், நோட்டு தப்பில்லாமல் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள் பாவம்.

பெரிய மாமா வந்து 10,001 வைத்தார். "நல்லா எழுது மாப்ளே, ஒத்தப்படை. யாராலயும் பிரிக்க முடியாது, புள்ளைங்க பிரியாம இருக்கணும்" என்றார். நான் பேசாமல் எழுதியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஒத்தப்படைன்னா ரெண்டால வகுபடாது, அவ்வளவுதான் மாமா. இதை 73 பேருக்கு ஆளுக்கு 137 ரூபாயா மிச்சமில்லாம பிரிச்சுக் கொடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டேன். செல்போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. 501, 2001, 5001 எல்லாம் இலக்கங்களைக் கூட்டினாலே தெரியும், 3 வகுத்துவிடும். 1001 இன்னும் மோசம், 7, 11, 13 மூன்றுமே வகுக்கும். "லட்சத்து ஒண்ணு வச்சா?" என்று கேட்டார் ஒரு சித்தப்பா (வைக்கிற ஆள் இல்லை, சும்மா கேட்டார்). அதை 11 வகுக்கும். இரண்டு ஒன்றுகளுக்கு நடுவே பூஜ்யங்கள் இரட்டைப்படையில் வந்தாலே 11 கண்ணை மூடிக்கொண்டு வகுத்துவிடும்.

அதோடாவது நிறுத்தினேனா? பத்துக் கோடியே ஒன்றைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். 10,00,00,001 என்பது 17 பெருக்கல் 58,82,353. இந்த 5882353-ஐ நடுவில் வெட்டி 588, 2353 என்று இரண்டு துண்டாக்கி, இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் திரும்ப அதே 5882353 வந்து நிற்கும். எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிற விஷயம். வரிசையில் ஒருத்தருக்கும் புல்லரிக்கவில்லை, பந்தி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப எதைத்தான்டா வைக்கிறது?" என்றார் சின்ன மாமா. உண்மையைச் சொன்னேன். ஒன்று போட்டு, பூஜ்யங்கள் போட்டு, ஒன்றில் முடிகிற எண்களில் 101 பகா எண், அதாவது ஒன்றையும் அதையும் தவிர வேறெதுவும் அதை மிச்சமில்லாமல் வகுக்காது. அதற்கு மேலே இந்த வடிவத்தில் இன்னொரு பகா எண்ணை இதுவரை உலகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மாமா கவரைத் திறந்தார், ஐநூறு ரூபாய்க் கட்டை எடுத்து மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார், ஒரு நூறு ரூபாய்த் தாளோடு அந்த ஒரு ரூபாய்க் காசைச் சேர்த்து வைத்துவிட்டு, "புள்ளைங்க நல்லா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்று பந்திக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்து வந்த பதினேழு பேரும் 101.

ராத்திரி அம்மா நோட்டைப் புரட்டினார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அடுத்த தையில உன் சின்ன மாமா பொண்ணுக்குக் கல்யாணம். இந்த 101-க்குக் கீழே அப்படி எதுவும் நம்பர் இருக்காடா?"

"11 இருக்கும்மா."

"சரி, அதை இப்பவே குறிச்சு வை."