குடியை விட நினைப்பவர்களுக்கு

குடியை விடணும் என்று வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்னால், தள்ளிப்போடாமல், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தும் விருப்பம் போதும்.

என் மாமா அந்தக் கூட்டத்துக்குப் போன முதல் நாள் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது ஒருவர் துண்டுச்சீட்டில் தன் நம்பரை எழுதி, “ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கண்ணே” என்று சட்டைப்பையில் வைத்தார். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத உதவி அது.

அப்புறம் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசின் இலவச உதவி எண் 14446. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு, அத்தை அதற்குத்தான் போகிறார்.