ரவான் கிளிப் ஏன் உதைக்கிறது?

மொரிஷியஸில் இசைத் தயாரிப்பு செய்கிறவர்களின் ஹார்ட் டிஸ்கில் அந்தத் தீவின் ஆட்ட இசையான செகாவுக்கு எடுத்த ரவான் (ஆட்டுத்தோல் மேளம்) லூப்பும், தைப்பூசக் காவடிக்கு எடுத்த நாதஸ்வரமும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அடுத்த பாட்டுக்கும் அதையே போடலாம் என்று பிரவுசரைத் திறந்தால் ஒன்று தாளத்தில் உட்காராது, இன்னொன்று சுருதியில் சேராது. தேடும் வசதி போதவில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேமிக்கும்போது கிளிப்பில், அதாவது பதிவுத் துண்டில், எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதுதான் வினை. நான் பயன்படுத்துவது எபிள்டன் லைவ் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் தலைவலி டெம்போ. செகா 6/8 நடை. கால் தட்டும் ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று எட்டாம் நோட். லைவின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்) எண்ணுவதோ குவார்ட்டர் நோட்டை. நிமிடத்துக்கு 120 அடி என்றால் 360 எட்டாம் நோட், அதாவது 180 குவார்ட்டர் நோட். கிளிப்பின் டெம்போவைத் தானே கணிக்கும் ஆட்டோ வார்ப் அந்த அடியையே குவார்ட்டர் நோட்டாக எடுத்துக்கொண்டு 120 என்று எழுதிவிட்டால், 180இல் ஓடும் செட்டில் (லைவில் திறந்திருக்கும் பாட்டுக் கோப்பில்) கிளிப் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். இரட்டிப்பாக்கும் பொத்தானும் பாதியாக்கும் பொத்தானும் இங்கே உதவாது. தேவை ஒன்றரை மடங்கு. அதைக் கையால்தான் எழுத வேண்டும்.

செய்முறை இதுதான். வார்ப்பை (ஒலியை டெம்போவுக்கு ஏற்ப இழுக்கும் வசதியை) ஆன் செய்து, முதல் கனமான அடியில் ரைட் கிளிக் செய்து ‘செட் 1.1.1 ஹியர்’ கொடுங்கள். பிபிஎம் பெட்டியில் 180 எழுதுங்கள். சிக்னேச்சர் பெட்டியில் 6/8 போடுங்கள். இது ஒலியை மாற்றாது, கட்டங்களை மட்டும் சரியாகக் காட்டும். லூப் நான்கு பார் என்றால் 12 குவார்ட்டர் நோட், 180இல் சரியாக 4 விநாடி. நீளம் அதிலிருந்து விலகினால், வாசித்தவர் வேகம் மாற்றியிருக்கிறார் அல்லது உங்கள் முதல் அடி தப்பு. வார்ப் மார்க்கரை பார் தொடக்கத்தில் மட்டும் வையுங்கள். ஒவ்வோர் அடியையும் கட்டத்தில் ஆணி அடித்தால் ரவானின் ஆட்டம் செத்துவிடும். அந்த ஆட்டம் செகாவில் தட்டும் இரும்பு முக்கோணத்தின் மிடி கிளிப்புக்கும் (ஒலி இல்லாமல் சுரக் குறிப்பு மட்டும் உள்ள கிளிப்) வேண்டுமென்றால், அதை எடுத்துத் தர ‘எக்ஸ்ட்ராக்ட் குரூவ்’ இருக்கிறது.

120ஐயே வைத்துக்கொண்டு 4/4இல் டிரிப்லெட்டாக வேலை செய்கிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை. ஒரே லைப்ரரியில் இரண்டையும் கலந்துவிட்டால்தான் ஆபத்து.

திருத்தாத கிளிப்புகளைக் கேட்டுப் பார்க்கும்போது ப்ரிவ்யூவில் ‘ரா’ பொத்தானை அழுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் செட்டின் டெம்போவுக்கு இழுத்த ஒலியைக் கேட்டு, நல்ல டேக்கை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவோம்.

ரவானுக்கே உரிய சிக்கல் ஒன்று. ஆட்டுத்தோல் ரவானை வாசிக்குமுன் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். ஆற ஆறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் முதல் டேக்கையும் கடைசி டேக்கையும் ஒட்டினால் ஒட்டு கேட்கும். பெயரிலேயே டேக் எண்ணை எழுதுவது இதற்காகத்தான். வார்ப் முறை ரவானுக்கு ‘பீட்ஸ்’, நாதஸ்வரத்துக்கு ‘காம்ப்ளெக்ஸ் ப்ரோ’.

இனி சேமிப்பு. கிளிப் வியூவில் சேவ் பொத்தானை அழுத்தினால் வார்ப் விவரம் ஆடியோவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஏஎஸ்டி கோப்பாக உட்காரும்; அடுத்த முறை அந்த சாம்பிளை எங்கே போட்டாலும் அது கூடவே வரும். கிளிப்பை பிரவுசருக்குள் இழுத்துப் போட்டால் ஏஎல்சி கோப்பு உருவாகும். ஏஎல்சிக்குள் ஆடியோ கிடையாது, இருக்கும் இடத்தின் முகவரிதான் உண்டு. செட்டிங்ஸில் ‘கலெக்ட் ஃபைல்ஸ் ஆன் எக்ஸ்போர்ட்’ என்பதை ‘ஆல்வேஸ்’ ஆக்காவிட்டால், பழைய பிராஜெக்டை அழித்த அன்று கிளிப்பும் ஊமையாகிவிடும்.

மிடி கிளிப்பில் வேறு கதை. வெறும் மிட் கோப்பு ஒலியைச் சுமக்காது. ஏஎல்சி அந்த டிராக்கின் இசைக்கருவியையும் எஃபெக்டையும் சேர்த்தே வைத்திருக்கும். காலி இடத்தில் போட்டால் டிராக்கே முளைக்கும். நாதஸ்வர கமகத்துக்கு இது மிக முக்கியம். பிட்ச் பெண்ட் எல்லை 12 அரைச்சுரம் உள்ள கருவியில் ஸ-விலிருந்து ப-வுக்கு இழுத்த கமகத்தை, எல்லை 2 உள்ள கருவியில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஏழு அரைச்சுரம் ஏற வேண்டியது ஒன்றேகால்கூட ஏறாது. பாட்டே அழுவது போலிருக்கும். எல்லையையும் பெயரில் எழுதுங்கள்: ‘நாதஸ்வரம் 2 கட்டை பெண்ட் 12’.

தாள மிடியில் சுரப் பெயரை நம்பாதீர்கள். 60ஆம் எண்ணை ஒரு மென்பொருள் சி3 என்னும், இன்னொன்று சி4 என்னும். எண்தான் நிலையானது. எந்த எண் எந்தக் கருவி என்று சொல்லும் பொதுத் தரமான ஜெனரல் மிடியில் முக்கோணத்துக்கு 80, 81 உண்டு. ரவானுக்கு இடமே இல்லை. காங்கா மேளத்தின் 62, 63, 64ஐ எடுத்துக்கொண்டு எல்லா பிராஜெக்டிலும் அதையே வைத்துக்கொள்வது வசதி.

எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: அங்கே ஒரு பேட்டர்னைத் திருத்தினால் அது வரும் இடமெல்லாம் மாறும், ‘மேக் யுனீக்’ கொடுத்துவிட்டுத் தொடுங்கள். ரீப்பர் மென்பொருளில் பூல்டு மிடி காப்பியும் இதே குணம்தான்.

நண்பருக்கு அனுப்பும்போது ஏஎல்சியோடு மிட் கோப்பும், ஒரு வேவ் கோப்பும் சேர்த்து அனுப்புங்கள். அவரிடம் அந்த ப்ளகின் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. கோப்புப் பெயரில் பிரெஞ்சு எழுத்துகளின் மேல் வரும் சாய்கோட்டுக் குறி வேண்டாம். மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது அந்த எழுத்து வேறு விதமாகப் பதிவாகி, கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘காணவில்லை’ என்று லைவ் சாதிக்கும்.