காசில்லாமல் உட்கார ஓர் இடம்

இன்று மாலை பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் கால் நீட்டி அமர்ந்து, பாதியில் விட்டிருந்த மல்லிகைச் சரத்தை வாழைநாரில் நிதானமாகத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவரை எழுப்பவில்லை; என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை.

தி.நகரில் எதையும் வாங்காமல் உட்கார முடிவது சாதாரண விஷயமல்ல. 2019 நவம்பரில் இந்தச் சாலையின் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டுத் திறக்கப்படும் முன், இங்கே இடம்பிடித்து நின்றவை பெரும்பாலும் வண்டிகளே.

போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. ஆனாலும், என் தெரு உட்பட, பல தெருக்களில் நடைபாதை என்பது மின்பெட்டிக்கும் பைக்குகளுக்கும் போக மிஞ்சிய இடம்தான்.

அகலம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். முதுகு சாயவும், எழும்போது கையூன்றவும் வசதி வேண்டும்; மதிய வெயிலுக்கு மரநிழல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்து போகும் தொலைவில் சுத்தமான கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் எத்தனை பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கடைத்தெருவுக்கு வருகிறார்கள் என்பதை, வரைபடம் போடுபவர்கள் தங்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.